நூல் குடோனுக்கு ஒரு சொல்

ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். சீடருக்கு வயது அறுபது. குருவுக்கு நாற்பதுகூட நிரம்பவில்லை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் கோயம்புத்தூரில் சிலர் சிரித்தார்கள்.

குருவின் பெயர் சாந்தாமணி. கட்டடங்களுக்கு உள்ளே வேலை செய்கிறவள். சுவரை எழுப்புவது வேறு ஆட்கள். எழுப்பி முடித்த சுவருக்குள் எங்கே உட்காருவது, எங்கே நிற்பது, வெளிச்சம் எந்தப் பக்கமாக விழுவது, யார் முகம் யாருக்குத் தெரிவது என்பதையெல்லாம் முடிவு செய்கிறவள். உள் அலங்காரம் என்று யாராவது சொன்னால் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

“நான் எதையும் அலங்காரம் பண்றதில்லீங்க” என்பாள்.

சீடர் வெள்ளிங்கிரி, தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. சாந்தாமணிக்கு எட்டாம் வகுப்பில் இலக்கணம் நடத்தியவரே இந்த வெள்ளிங்கிரிதான்.

ஒரு பள்ளிக்கூடத்து நூலகத்தில் நடந்த கூட்டத்துக்கு வெள்ளிங்கிரியை விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். சாந்தாமணி செய்து கொடுத்த நூலகம். எந்த நூலகத்திலும் மாட்டியிருக்கும் ‘அமைதி காக்கவும்’ என்ற பலகை அங்கே இல்லை. அலமாரிகளுக்கு நடுவே இரண்டு பேர் மட்டும் தோளோடு தோள் இடித்து உட்காரக்கூடிய சின்னச் சின்னப் பொந்துகள் இருந்தன. அங்கே உட்கார்ந்த பிள்ளைகள் யாரும் சொல்லாமலே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். பக்கத்திலேயே காது இருக்கும்போது எதற்குக் கத்த வேண்டும்?

வெள்ளிங்கிரி கூட்டம் முடிந்தும் போகவில்லை. ஒரு பொந்துக்குள் காலை மடக்கிக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் பிரம்பைத் தட்டித் தட்டி வாங்க முடியாத அமைதியை இந்தப் பெண் ஒரு மரப்பலகையை நகர்த்தி வாங்கிவிட்டாளே என்று அவருக்கு மாளாத ஆச்சரியம்.

மறுநாள் அவள் அலுவலக வாசலில் போய் நின்றார்.

சாந்தாமணி பதறி எழுந்தாள். “ஏனுங்கய்யா, ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பனே.”

“படிக்க வந்திருக்கறேன் அம்மிணி.”

“என்ன படிக்கங்கய்யா?”

“நீ பண்றதை.”

விளையாட்டு என்று நினைத்து அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அன்று மதியம் ஒரு சுவரை அளக்க வேண்டியிருந்தது. அளவு நாடாவின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்தாள். அப்படித்தான் அவர் சேர்ந்தார்.

அலுவலகத்துப் பிள்ளைகளைப் போல அவளை மேடம் என்று கூப்பிட்டுப் பார்த்தார். இரண்டு பேருக்குமே சிரிப்புத் தாங்கவில்லை. அதனால் அவர் அம்மிணி என்றே கூப்பிட்டார், ‘நீ’யை மட்டும் ‘நீங்க’ ஆக்கிக்கொண்டார். அவள் ஐயா என்றே கூப்பிட்டாள்.

சாந்தாமணிக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த இடத்துக்கு வேலை செய்ய அழைத்தாலும் முதலில் அங்கே போய்ச் சும்மா இருப்பாள். நடப்பாள், உட்காருவாள், கதவைத் திறந்து மூடுவாள். எப்போதாவது ஒரு சொல் வரும். அதுதான் அந்த இடத்தின் கரு. வந்த பிறகு விளக்கோ நாற்காலியோ கதவின் கைப்பிடியோ எல்லாம் அந்தச் சொல்லிலிருந்துதான் பிறக்க வேண்டும். பிறக்காத பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளே வராது.

நூலகத்துக்கு வந்த சொல் ‘கிசுகிசு’.

இன்னொரு இடம். ஒரே மாடியைப் பல சின்னக் கம்பெனிகள் பங்கு போட்டுக்கொண்ட அலுவலகம். முகம் பார்த்துப் பேசாமல் மின்விசிறிக்கும் கழிவறைக்கும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்துக்கு அவளுக்கு வந்த சொல் ‘வழிவிடு’. எல்லோரும் புழங்கும் டீ அறைக்கு ஒரு ஆள் மட்டும் நுழையும் அகலத்தில் கதவு வைத்தாள். ஒருவர் நின்றால்தான் மற்றவர் போக முடியும். முதல் வாரம் அவளைத் திட்டினார்கள். பிறகு ‘நீங்க போங்க’ என்றார்கள். பிறகு ‘டீ குடிச்சாச்சா?’ என்றார்கள். இப்போது அந்தக் கதவருகேதான் அந்த அலுவலகத்தின் பாதி வேலை நடக்கிறது.

இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவர் வெள்ளிங்கிரி. பார்க்கப் பார்க்க அவருக்கு ஆசை வளர்ந்தது. ஒரு நாள் கேட்டுவிட்டார்.

“எனக்குப் பக்குவம் வந்துருச்சுங்களா அம்மிணி?”

சாந்தாமணி டீயைக் குடித்து முடித்தாள். அடுத்த வாரம் அவரைச் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பழைய நூல் குடோனுக்கு அழைத்துப் போனாள்.

உயரமான கூரை. தூண் இல்லாத ஒரே கூடம். பஞ்சு வாசனை இன்னும் போகவில்லை. தனியாகப் பிழைக்கிற பெண்கள் சேர்ந்து தங்க அதை ஓர் அறக்கட்டளை வாங்கியிருந்தது. தைக்கிறவர்கள் அங்கேயே தைக்கலாம், படிக்கிறவர்கள் அங்கேயே படிக்கலாம், எல்லோரும் அங்கேயே தூங்கலாம். பொறுப்பாளர் ஜெயசீலி, எல்லோருக்கும் சீலியக்கா, சாவிக்கொத்தோடு பின்னாலேயே வந்தாள்.

சாந்தாமணி நடந்தாள். நடுவே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்து அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்.

“கூடு.”

வெள்ளிங்கிரி அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

“ஐயா, இத நீங்க பண்ணுங்க. எனக்கு மதுரைல வேலை இருக்குது. முடிஞ்சதும் வந்து பாக்கறேன்.”

“முழுசும் நானுங்களா?”

“முழுசும் நீங்கதான்.”

அன்று வீட்டுக்குப் போகும்போது அவருக்குத் தலைகால் புரியவில்லை.

கூடு! தமிழ் படித்தவருக்கு அந்த ஒரு சொல் போதாதா? தூக்கணாங்குருவிக் கூட்டைத் தேடி வாய்க்கால் வாய்க்காலாக அலைந்தார். உதிர்ந்த கூடுகளை வீட்டுக்கு எடுத்து வந்து பிரித்துப் பிரித்துப் பார்த்தார். மூங்கில் பின்னுகிறவர்களைக் கூட்டி வந்து கூடவே உட்கார்ந்து தானும் பின்னினார். கையெல்லாம் சிராய்ப்பு.

குடோனுக்குள் இரண்டு பக்கமும் வளைந்து வளைந்து கூடுகள் எழுந்தன. ஒவ்வொரு கூட்டிலும் ஒரு கட்டில், ஒரு மேசை. தைக்கிறவர்களுக்கு மேசையின் இடத்தில் தையல் மெஷின். கண்ணாடி, இஸ்திரிப் பெட்டி, தண்ணீர்க் குடுவை, செல்போனுக்குப் பிளக், எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில். எதற்காகவும் யாரும் வெளியே வர வேண்டியதில்லை. சுவர் தலைக்கு மேல் போயிற்று. வாசலில் வைக்கோல் நிறத்தில் திரை. மேலே குருவிக்கூடு போலவே தொங்குகிற விளக்கு. கூடத்தின் நடுவில் பெரிய வட்ட மேசை. கூடு பின்னுகிற குருவிகளை அதன் விளிம்பு முழுக்கச் செதுக்க வைத்திருந்தார்.

திறப்பு நாளன்று வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். பொய்யில்லை, அவ்வளவு அழகு. விளக்குகளைப் போட்டதும் கூரை முழுக்கக் குருவிகள் வந்து அடைந்ததைப் போல இருந்தது. ஓய்வூதியம் வாங்குகிற மனிதர் ஒருவர் இதைச் செய்தார் என்றால் யாருமே நம்பவில்லை. பத்துப் பன்னிரண்டு பெண்கள் குடி வந்தார்கள். ஆளுக்கொரு கூட்டுக்குள் போனார்கள். திரையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

மதுரை வேலை முடிந்து சாந்தாமணி வந்தாள்.

வெள்ளிங்கிரி வாசலிலேயே கைகட்டி நின்றார். பரீட்சை முடிவுக்கு நிற்கிற பையனைப் போல நின்றார் என்று சொன்னால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அவள் ஒவ்வொரு பின்னலையும் விரலால் தடவிப் பார்த்தாள். விளக்கின் கீழே நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள். மேசைக் குருவி ஒன்றின் அலகைத் தொட்டாள்.

“என்னால இப்படிப் பண்ண முடியாதுங்கய்யா.”

மனதாரச் சொன்னாள். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

அப்போது சீலியக்கா காய்ந்த போர்வை ஒன்றைத் தோளில் சுருட்டிப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள்.

“செவந்தி இன்னைக்கு வருதுங்க. அதுக்குத்தான் துவைச்சேன்.”

“எங்க போயிருந்துச்சு?” என்றாள் சாந்தாமணி.

“ஆஸ்பத்திரிக்குங்க.”

செவந்தி அருப்புக்கோட்டைக்காரி. ஜாக்கெட் தைக்கிறவள். கட்டியவனோடு வாழ முடியாது என்று கிளம்பி வந்தவள். காய்ச்சல் கண்டு இரண்டு நாள் திரைக்குள்ளேயே கிடந்திருக்கிறாள். மெஷின் சத்தம் கேட்காததால், துணி கொடுக்கப் போயிருப்பாள் என்று பக்கத்துக் கூட்டில் நினைத்திருக்கிறார்கள். திரை மூடியிருந்தால் கூப்பிடக் கூடாது, அதுதானே மரியாதை? சீலியக்கா கூட்டிப் பெருக்க வந்து, திரைக்குக் கீழே கவிழ்ந்து கிடந்த குடுவையைப் பார்த்துத்தான் திரையை விலக்கினாளாம்.

“பக்கத்துல ஆளு இருந்துமா?” என்றார் வெள்ளிங்கிரி.

“சுத்தியும் ஆளுங்க இருந்தாங்க சார்” என்றாள் சீலியக்கா.



சாந்தாமணி சீலியக்காவின் தோளிலிருந்து போர்வையை எடுத்தாள்.

“ஐயா, இதை மடிக்கோணும். அந்த முனையப் புடிங்க.”

இரண்டு பேரும் செவந்தியின் கூட்டுக்குள் போனார்கள். போர்வையை விரிக்கவே முடியவில்லை. அவர் முழங்கை பின்னலில் இடித்தது. வெளியே கூடத்துக்கு வந்தார்கள். அவர் ஒரு முனையைப் பிடித்துப் பின்னால் போனார், முதுகில் வட்ட மேசை முட்டியது. மேசையைச் சுற்றிக்கொண்டு போனார், போர்வை குருவி அலகில் மாட்டிக்கொண்டது.

“ரோட்டுக்குப் போயிரலாமுங்கய்யா” என்றாள் சாந்தாமணி.

போனார்கள். நடு ரோட்டில் நின்று உதறி, நீட்டி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து மடித்தார்கள். ஒரு ஆட்டோக்காரர் நிறுத்தி வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்.

மடித்த போர்வையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெள்ளிங்கிரி நின்றார்.

“கூடுன்னு தானுங்களே சொன்னீங்க அம்மிணி?”

“ஆமாங்கய்யா.”

“கூடுதான் கட்டுனேன்.”

“பாத்தேங்கய்யா. குருவியே பாத்தாலும் குடி வந்துரும்.”

“அப்பறம் எங்க தப்பு?”

சாந்தாமணி, வகுப்பில் அவர் கேட்பாரே, அதே மாதிரிக் கேட்டாள்.

“கூடு. என்ன சொல்லுங்க அது?”

“பெயர்ச்சொல்” என்றார், பட்டென்று.

அவள் காத்திருந்தாள்.

கிசுகிசு. வழிவிடு. அவள் இதுவரை தேர்ந்த சொற்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து அவர் முன்னால் வரிசை கட்டி நின்றன. ஒன்றுகூட ஒரு பொருளின் பெயர் இல்லை. எல்லாம் செய் என்று சொல்கிறவை.

“ஏவல்” என்றார் மெதுவாக. “ஏவல் வினைமுற்று. ஒண்ணு கூடு.”

பல வருடங்களாக எத்தனை பிள்ளைகளை இதற்காகப் பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறார்! வெட்கம் ரோட்டோரத்து வெயிலைப் போல அவர் கழுத்தைச் சுட்டது.

“தப்பு எம்மேலயும் இருக்குதுங்கய்யா” என்றாள் சாந்தாமணி. “பெயரா வினையான்னு நான் சொல்லியிருக்கோணும்.”

“நீங்க சொல்லியிருந்தாலும் எனக்குக் குருவிதான் அம்மிணி தெரிஞ்சிருக்கும்.”

சாயங்காலம் செவந்தி வந்தாள். கன்னம் ஒட்டி, இடுப்பில் சேலை நிற்காமல் நின்றாள். மடித்த போர்வையை அவள் கட்டிலில் வைத்த வெள்ளிங்கிரி, எப்படி இருக்கிறாய் என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் அவள் சீலியக்காவிடம் சொன்னாள்.

“நாளைக்குச் சாயங்கால பஸ்ல போறேன்க்கா.”

“எங்க போவ?”

“அண்ணன் வீட்டுக்கு.”

“உங்க அண்ணிதான் உனக்குத் தட்டு வேற, தம்ளர் வேறன்னு வெச்சவளாச்சே.”

“வெச்சா வெக்கட்டும். காய்ச்சல்ல முனகுனா சத்தம் போடாதன்னு திட்டவாவது ஒரு ஆளு இருக்கும்ல.”

வெள்ளிங்கிரி குறுக்கே வந்தார். “இங்க என்ன கொறைன்னு சொல்லம்மா. மாத்தறேன்.”

செவந்தி அவரை நேராகப் பார்த்தாள். கோபம் இல்லாத பார்வை.

“கொறையே இல்லய்யா. நகைப்பெட்டி மாதிரி இருக்கு. நகைக்குத் தண்ணி தவிக்காது. எனக்குத் தவிச்சுச்சு.”

சொல்லிவிட்டுப் பையை எடுத்து வைத்து அடுக்க ஆரம்பித்தாள். பக்கத்துக் கூடுகளில் திரை அசைந்தது. மற்றவர்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். இவள் போனால் இன்னும் இரண்டு பேர் போவார்கள், அவர்கள் போனால் குடோன் மறுபடி குடோனாகிவிடும் என்று சீலியக்கா வாய்விட்டே சொன்னாள். வெள்ளிங்கிரிக்குக் குடோனைப் பற்றி அப்போது கவலையில்லை. இந்தப் பெண் தட்டும் தம்ளரும் பிரித்து வைத்த வீட்டுக்கு, அவர் செய்து வைத்த வேலையால் திரும்பிப் போகிறாள். அவர் நினைப்பெல்லாம் அது ஒன்றுதான்.

“எல்லாத்தையும் இடிச்சுரட்டுங்களா அம்மிணி?”

சாந்தாமணி காலியாக இருந்த ஒரு கூட்டுக்குள் போனாள். திரையை இழுத்துவிட்டாள். உள்ளே சத்தமே இல்லை. வெளியே வந்தபோது அவள் முகம் தூங்கி எழுந்ததுபோலத் தெளிவாக இருந்தது.

“உள்ள நல்லா இருக்குதுங்கய்யா. ரொம்ப நாளா இப்படித் தனியா உக்காரல.”

“அப்ப இடிக்க வேண்டாமுங்களா?”

“எந்திரிச்சேன். நின்னாலும் உள்ளயேதான் இருக்கறேன், வெளிய ஒண்ணும் தெரியல.”

அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை வெள்ளிங்கிரி ரம்பத்தோடு வந்தார். பின்னிக் கொடுத்தவர்களைக் கூப்பிட்டு அவர்கள் பின்னியதையே அறுக்கச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் கூட்டின் முன்னால் நின்றார். அது பூரணியின் கூடு. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பெண்.

“அறுக்கட்டுமாம்மா?”

“எதைங்க சார்?”

“இந்தச் சுவத்தை. பாதிக்கு.”

பூரணி நெஞ்சில் கை வைத்தாள். “ஐயோ, எவ்வளவு அழகா இருக்குதுங்க!”

“அதுதான் கஷ்டம்” என்றார் வெள்ளிங்கிரி, ரம்பத்தை வைத்தார்.

முதல் இழுப்பிலேயே பின்னல் மொத்தமாக ஆடியது. ஆடுகிற சுவரை எப்படி அறுப்பது? பூரணி ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தாள். போதவில்லை. பக்கத்துக் கூட்டுத் திரை விலகி இன்னொருத்தி வந்தாள். நர்ஸ் வேலை முடிந்து தூங்கப் போனவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். சீலியக்கா துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்தாள். ஆளாளுக்கு ஒரு மூங்கிலைப் பிடித்தார்கள்.

பிறகுதான் சண்டை வந்தது. எவ்வளவு உயரத்துக்கு அறுப்பது?

“இடுப்புக்கு.”

“யாரு இடுப்புக்கு? உன் இடுப்பு எனக்குக் கழுத்து வருது.”

“அவ்வளவு தாழ்த்துனா படுத்திருக்கறது தெரியுமே!”

“தெரியட்டுமே, உன்னை யாரு பாக்கப் போறா?”

குடி வந்த நாளிலிருந்து அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசியது அத்தனையையும் சேர்த்தால்கூட அந்தக் காலை நேரத்துக்கு ஈடாகாது. வெள்ளிங்கிரி ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றார்.

செவந்தி மட்டும் வரவில்லை. அவள் பை கட்டி முடித்துக் கதவோரம் வைத்தாகிவிட்டது. அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள். சண்டை ஓயவில்லை. கடைசியில் அவளுக்கே பொறுக்கவில்லை.

“நின்னுக்கிட்டே பேசுனா எப்படித் தெரியும்? உள்ள போய் உக்காந்து பாருங்க. உக்காந்தா தல மறையணும். நின்னா மொகம் தெரியணும். அவ்வளவுதான?”

ஒவ்வொருத்தியாக உள்ளே போய் உட்கார்ந்தார்கள், எழுந்தார்கள். உட்காரும்போது தலை மறைகிறதா என்று வெளியே நிற்கிறவர்கள் பார்த்துச் சொன்னார்கள். குட்டையான சீலியக்கா எழுந்து நின்றும் தெரியவில்லை என்றதும் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. செவந்தி கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்து அளந்து மூங்கிலில் சாக்குக்கட்டியால் கோடு இழுத்தாள். இழுத்துவிட்டு மறுபடி பையின்மேல் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அறுத்தார்கள். வெள்ளிங்கிரிக்கு மூச்சு வாங்கியபோது பூரணி ரம்பத்தை வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு பின்னலாகத் தரையில் விழுந்தது. தன் விரல் ரத்தம் பட்ட பின்னல் எது என்று அவருக்குத் தெரியும். அதையும் அவரேதான் அறுத்தார்.

மதியத்துக்குமேல் கூடுகளுக்குள் இருந்த கண்ணாடிகளைக் கழற்றினார்.

“அதை ஏனுங்க சார் எடுக்கறீங்க?”

“கூடத்துல பெருசா ஒண்ணு மாட்டப் போறேன். எல்லாரும் அதுலயே பாத்துக்குங்க.”

“அப்ப காலைல இடிச்சுக்குவமே!”

“இடிச்சுக்குங்க” என்றார். “சேலை கட்டறப்பக் கீழ மடிப்பைப் புடிச்சு விடறதுக்கு ஒரு ஆளு வேண்டாமா?”

இஸ்திரிப் பெட்டிகளில் ஒன்றை மட்டும் கூடத்தில் விட்டுவிட்டு மற்றவற்றைக் கட்டி எடுத்து வைத்தார். குடிதண்ணீரையும் நடுவுக்குக் கொண்டுவந்தார். கடைசியாக வட்ட மேசை. அதை ஆறு பேர் சேர்ந்து தூக்கி வெளியே மரத்தடியில் போட்டார்கள். குருவிகள் மழையில் நனைந்தால் நனையட்டும் என்றுவிட்டார். அது இருந்த இடத்தில் ஒன்றும் வைக்கவில்லை. கூடம் அகலமாகக் கிடந்தது.

அவர் கிளம்பும்போது உள்ளே யாரோ பாடத்தை உரக்க ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு குரல் தப்பைத் திருத்தியது. அந்தக் குரலுக்கு உரியவள் தன் கூட்டிலிருந்து எழுந்து நின்றபடியே பேசினாள், அவ்வளவு போதுமாக இருந்தது. அறுத்த விளிம்புகள் கோணலும் மாணலுமாக இருந்தன. அழகு பாதி போய்விட்டது. இருந்தாலும் வெள்ளிங்கிரிக்கு அந்த இடம் நேற்றைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

செவந்தி பையோடு அங்கேயே இருந்தாள்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சாம்மா?”

“இன்னும் இருக்குய்யா.”

“போகத்தான் வேணுமா?”

அவள் கூடத்தைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். “பாப்போம்” என்றாள். போகிறவர்களும் சொல்கிற சொல், இருக்கிறவர்களும் சொல்கிற சொல்.

மறுநாள் காலை சாந்தாமணியைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

கதவைத் திறந்ததும் அவர் கண் முதலில் தேடியது கதவோரத்தை. பை இல்லை.

கூடத்திலும் யாரும் இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் போய்விட்டிருந்தார்கள். சீலியக்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். நர்ஸ் மட்டும் ஒரு கூட்டில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். செவந்தியின் கூட்டில் மெஷின் மூடியிருந்தது. கட்டில் காலி.

“போயிருச்சுங்க அம்மிணி” என்றார்.

“சொல்லிட்டுப் போச்சுங்களா?”

“இல்லீங்க.”

சாந்தாமணி அறுத்த சுவர்களைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள். அகலமாகக் கிடந்த கூடத்தின் நடுவில் போய் இரண்டு கையையும் நீட்டி ஒரு சுற்றுச் சுற்றினாள். அவள் முகம் மலர்ந்திருந்தது. ஆனால் அதைப் பார்க்க வெள்ளிங்கிரியால் முடியவில்லை. அவர் செவந்தியின் கூட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

அங்கேதான் அதைக் கண்டார்.

கட்டிலின் தலைமாட்டில், சுவரைத் தாங்கிய மூங்கில் காலில் பை மாட்டுகிற உயரத்தில் ஓர் ஆணி. நேற்று இல்லாத ஆணி. அறுக்கும்போதுகூடச் சேதமில்லாமல் தப்பித்த கால் அது. ஆணி இறங்கிய இடத்திலிருந்து மேலும் கீழும் ஒரு முழத்துக்கு மூங்கில் பிளந்து வாயைத் திறந்திருந்தது. ஆணியில் எதுவும் மாட்டியிருக்கவில்லை.

அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் அவருக்கு அந்தப் பிளவில் வந்து நின்றது.

“இங்க பாருங்க அம்மிணி. போறது போச்சு, நான் பின்னுன மூங்கில்ல ஒரு ஆணிய வேற அடிச்சுட்டுப் போயிருக்குது.”

சாந்தாமணி பக்கத்தில் வந்தாள். குனிந்து பார்த்தாள். ஆணியை இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அது அசையவில்லை. ஆழமாக அடித்திருந்தார்கள். அவள் விரலை எடுத்துவிட்டு வெள்ளிங்கிரியின் பக்கம் திரும்பினாள்.

“போறவங்க யாரும் ஆணி அடிக்க மாட்டாங்கய்யா.”